மண்டி போடும் பழைய பென்ஸ்: ஒழுகும் ஹைட்ராலிக் பைப்பை ஒட்டுவதா, மாற்றுவதா, கழற்றியே விடுவதா?

காலையில் காரை எடுக்கப் போனால் பின்பக்கம் தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் மெல்ல எழும். மறுநாள் காலை பழையபடி குனிவு. கீழே சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்த் திட்டு. எங்கள் வீட்டில் மூன்று மாதம் இப்படியே ஓடியது. “வண்டி எதுக்குப்பா மண்டி போடுது?” என்று மாமா தினமும் கேட்பார்.

கார், மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வரிசையின் ஸ்டேஷன் வேகன், அதாவது பின்னால் சாமான் ஏற்ற நீளமான தளம் உள்ள கார். 300 டி.டி., ஐந்து சிலிண்டர் டீசல். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்த ஒரு குடும்பம் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வண்டி. அந்தக் கம்பெனியில் 30 வருஷம் கணக்கு எழுதியவர் மாமா, அதாவது என் மாமனார். அவர் ஓய்வுபெற்றபோது, ஷெட்டில் சும்மா நின்ற வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆறு பேர் உள்ள வீட்டில் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இதுதான் போகிறது. அதனால் அழகுக்கு வைத்திருக்கும் வண்டிக்குச் சொல்லும் யோசனை எனக்கு உதவாது. பாரம் ஏற்றி ஓட்டுகிற வண்டிக்கு எது சரி என்பதுதான் என் கேள்வி.

வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் ஹைட்ராலிக் எண்ணெய் போகிற பைப் ஒழுகினால் ஐந்து விதமான யோசனை சொல்வார்கள். ஐந்தையும் விசாரித்தேன், இரண்டைச் செய்தும் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழுத்தம் இருக்கிற பைப் என்றால் முழு நீளத்துக்கும் புதிதாக, உள்ளூரிலேயே செய்து போடுங்கள். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் என்றால் ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டி ஹோஸ் போட்டால் போதும். சிஸ்டத்தையே கழற்றிப் போடுவது கடைசி வழி. ஆனால் அதற்கு முன்னால் ஒழுகுவது பைப்தானா என்று தெரிய வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது

இந்த வரிசையின் செடானில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் சாதாரண ஷாக் அப்சார்பரும் இருக்கும். வேகனிலும் ஸ்பிரிங் உண்டு; ஆனால் முழு எடையையும் அது ஒற்றையாகத் தாங்காது. ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராலிக் தூண் இருக்கிறது, மீதி எடையை அது தாங்குகிறது. இன்ஜின் முன்னால் உள்ள ஒரு சின்ன பம்ப் எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு லெவல் வால்வு. அதன் கை, பின்பக்கத்து ஆன்ட்டி ரோல் பாரோடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) ஒரு குச்சியால் இணைந்திருக்கும். நாலு மூட்டை ஏற்றியதும் வண்டி அமுங்கும், குச்சி வால்வைத் திருப்பும், எண்ணெய் தூணுக்குள் போகும், வண்டி பழைய உயரத்துக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். மூட்டையை இறக்கினால் அதே எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடும். மேடு பள்ளத்தில் குலுக்காமல் இருக்க, நைட்ரஜன் வாயு அடைத்த இரண்டு உருண்டைகள். வாயு மேலே, எண்ணெய் கீழே, நடுவில் ரப்பர் திரை.

எண்ணெயும் நைட்ரஜனும் சேர்ந்து தாங்கும் இந்த யோசனையைக் கார் உலகத்தில் பெரிதாகக் காட்டியது பிரான்ஸின் சித்ரோன் கம்பெனி, 1955-இல் வந்த டி.எஸ். காரில். அதில் நான்கு சக்கரமும் எண்ணெயின் மேல்தான் நிற்கும். எண்ணெய் போய்விட்டால் வண்டி முழுக்கப் படுத்துவிடும். பென்ஸ் வேகனில் பின்பக்கம் மட்டும்தான், அதிலும் ஸ்பிரிங் துணைக்கு இருக்கிறது. 1978 முதல் 1986 வரை பிரேமன் ஊரில் செய்த இந்த வேகன்கள் எல்லாவற்றிலும் இது கம்பெனியே போட்டுக் கொடுத்தது. ஒழுகினாலும் வண்டி ஓடும். ஒழுக்கைத் தள்ளிப்போட வைப்பதும் இந்தச் சௌகரியம்தான். நாங்களும் அப்படித்தான் மூன்று மாதம் தள்ளிப்போட்டோம். எண்ணெய் டேங்க் வறண்டால் பம்ப் காய்ந்து ஓடும். பம்ப் தேய்ந்துபோனால் பைப் செலவெல்லாம் சில்லறைக் காசு.

எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள்

எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது ஒழுகுகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

வண்டி நிற்கும்போது, ராத்திரியில், பின்பக்கம் இறங்கினால் வால்வுக்கும் தூணுக்கும் இடையில் எங்கோ கோளாறு. அந்தப் பகுதியில் இன்ஜின் நின்ற பிறகும் அழுத்தம் அடைபட்டே இருக்கும். வண்டி இறங்காமல், பாரம் ஏற்றி இன்ஜின் ஓடும்போது மட்டும் எண்ணெய் பீய்ச்சினால், பம்பிலிருந்து பின்னால் வரும் நீளப் பைப். பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோம்பலாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ரிட்டர்ன் பைப். இந்த மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றில்லை.

அப்புறம் இடம். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவி, துடைத்து, முகப்பவுடரை மெல்லத் தூவிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஈரக் கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். தூணின் எண்ணெய் சீலோ, தூணுக்குப் போகும் ரப்பர் ஹோஸோ போயிருந்தால் பைப்பை மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஒழுகும் பைப்பை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த அறுவை சிகிச்சை செய்துகாட்டியது இதே வேலூர் சி.எம்.சி.யில்தான். ஒரு விரலைத் திரும்ப அசைய வைக்க எவ்வளவு பாடு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், எண்ணெய் அட்டையில் படியும். ஸ்பானர் வைப்பதற்கு முன்னால் லெவல் வால்வில் உள்ள பிளீட் ஸ்க்ரூவில் ஒரு குழாயை மாட்டி, பாட்டிலுக்குள் எண்ணெயை இறக்கி அழுத்தத்தைப் போக்குங்கள். அப்போது வண்டி இறங்கும். ஆகவே ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டுவிட்டே உள்ளே போங்கள்.

எங்கள் வண்டியில் கிடைத்த இடம், வால்விலிருந்து இடது பக்க உருண்டைக்குப் போகும் பைப். அதைப் பிடித்திருந்த கிளிப்புக்கு உள்ளே துரு. கிளிப்பைக் கழற்றியதும் வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது. வேலூர் வெயிலில், பாலாற்றில் தண்ணீரை அபூர்வமாகவே பார்க்கிற ஊரில், பைப் ஏன் இப்படித் துருப்பிடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மாமாதான் சொன்னார். கம்பெனி நாளில் இந்த வண்டியின் பின்னால் சாம்பிள் தோல் போட்டு எடுத்துப் போவார்களாம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 40 விழுக்காடு அளவுக்குக்கூட உப்பு போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் தளத்தின் ஓரமாக இறங்கி, கிளிப்பில் தேங்கி, வருஷக்கணக்கில் இரும்பைத் தின்றிருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனிகளில் ஓடிய பழைய வண்டி எதை வாங்கினாலும் முதலில் பின்தளத்தின் அடியைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒட்டுப் போடுவது

நான் முதலில் போன ஷெட்டில் எம்-சீல் வைத்துப் பூசிக் கொடுத்தார்கள். நாலு நாள் தாங்கியது. தண்ணீர்க் குழாய்க்கும் சின்டெக்ஸ் டேங்குக்கும் எம்-சீல் நல்ல மருந்து. அழுத்தத்தை பார் என்ற கணக்கில் அளப்பார்கள்; டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். இந்தப் பைப்பை நூறு பார் கணக்கில் வைத்து யோசிக்க வேண்டும். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பித்தளை வைத்து ஊதுவது இன்னொரு ஒட்டு. பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் துருவால் மெலிந்த பைப்பில் ஓட்டை இருக்கும் இடம் மட்டும் மெலிந்திருப்பதில்லை, அதன் இரண்டு பக்கமும் மெலிந்திருக்கும். நெருப்புப் பட்டதும் உள்ளே கரியும் செதிலும் உண்டாகும், அது உதிர்ந்து நேராக லெவல் வால்வுக்குள் போகும். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வால்வுக்கு வினை தேடிக்கொள்வதுதான் இது. எண்ணெய் நனைந்த பைப்பில் நெருப்பு வைக்கிற ஆபத்து வேறு.

ஒட்டு வகையில் மதிக்கத்தக்கது ஒன்றே ஒன்று: கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, நடுவில் புதுத் துண்டு வைத்து, இரண்டு முனையிலும் கட்டிங் ரிங் யூனியன் போடுவது. உள்ளே ஒரு சின்ன எஃகு வளையம். நட்டை இறுக்கினால் வளையத்தின் விளிம்பு பைப்பின் மேல் கடித்துப் பிடிக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளில் ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது தினசரிச் சாமான். இலகு வகையே 250 பார் தாங்கும். ஆகவே பலம் போதாது என்று சொல்ல முடியாது. ஆனால் வளையம் கடிக்கும் இடம் வழுவழுப்பாக, குழி இல்லாமல் இருக்க வேண்டும். உப்பு தின்ற பைப்பில் அப்படி ஓர் இடத்தைத் தேடிக்கொண்டே போனால் கடைசியில் முழுப் பைப்பையும் வெட்டியிருப்போம். கல் பட்டு நசுங்கிய பைப், மற்ற இடமெல்லாம் பளபளப்பு என்றால் இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். துரு என்றால் வேண்டாம்.

ஜே.சி.பி. ஹோஸ்

பைபாஸ் ஓரத்தில் ஜே.சி.பி.க்கும் லாரிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. நான் போன கடையில் பாய் பைப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இன்னா சார், இதுக்குப் போயி அலையிறீங்க? கால் இஞ்ச் ஹோஸ், ரெண்டு முனை கிரிம்ப், டீ குடிச்சிட்டு வாங்க, ரெடியா இருக்கும்” என்றார். விலை 1,400 ரூபாய் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கால் அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பி வலை வகை 225 பார் தாங்கும், இரட்டை வலை வகை 400 பார். உள்ளே இருக்கும் ரப்பர் மினரல் எண்ணெய்க்கு ஏற்றது. அவசரத்துக்கு, பெங்களூரு ரோட்டில் பள்ளிகொண்டா தாண்டி வழியில் நின்றுபோனால், நான் இதைத்தான் போட்டு வீடு வந்து சேருவேன்.

நிரந்தரமாக ஏன் வேண்டாம் என்றால், இடம்தான் காரணம். இந்த ஹோஸை 100 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. பின் அச்சுக்கு மேலே, தளத்துக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அவ்வளவு பெரிய வளைவுக்கு வழியில்லை. பைப் போன தடத்தில் ஹோஸ் போகாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிச் சுற்றும்போது ஒன்று சைலன்சர் பைப் பக்கம் போகும், இல்லையென்றால் அசையும் ஏதாவது ஒன்றில் உரசும். மேலே ரப்பர் உரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி வலைக்கும் அதே உப்பு, அதே துரு. ஜே.சி.பி.யில் ஹோஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கும், உரசினால் டிரைவருக்கு அன்றைக்கே தெரியும். காரின் அடியில் யார் தினம் குனிந்து பார்ப்பார்கள்?

ரிட்டர்ன் பைப் விஷயம் வேறு. அதில் அழுத்தம் சொற்பம். அங்கே எண்ணெய் தாங்கும் ஹோஸைச் செருகி, நல்ல கிளாம்ப் போட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் செலவு செய்பவரை நான் தடுப்பேன்.

ஜெர்மனியிலிருந்து வரவழைப்பது

மனதுக்கு நிறைவான வழி. மெர்சிடிஸ் பழைய வண்டிகளுக்குச் சாமான் கொடுக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஓ-ரிங், உருண்டை, தூண் ஹோஸ் போன்றவற்றை நான் வெளிநாட்டுச் சரக்காகத்தான் வாங்குவேன், இங்கே செய்ய முயலக் கூடாது. ஆனால் பைப் என்பது வளைத்த இரும்புக் குழாய். அதன் விலையைவிட நீளமான பெட்டியை அனுப்பும் கூலியும் சுங்கமும் மேலே போகும், வரும் வழியில் வளைந்து வந்தால் யாரிடம் கேட்பது? ஆறு வாரம் வண்டி நிற்கலாம், பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு நல்லது. எங்கள் வீட்டில் ஆறு வாரம் நிறுத்த முடியாது.

உள்ளூரில் புதுப் பைப் செய்வது

நான் செய்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் பாய்லர் துணைக் கருவிகள் செய்யும் பெல் தொழிற்சாலை இருக்கிறது. அதைச் சுற்றியும் சிப்காட்டிலும் குழாய் வளைப்பதையே பிழைப்பாக வைத்த சின்னப் பட்டறைகள் உண்டு. கார் மெக்கானிக்கிடம் போனால் இந்தப் பைப் அவருக்குப் புதுசு. இவர்களுக்கோ இது கைக்குழந்தை விளையாட்டு. நான் போன பட்டறைக்காரர் நாற்பது வருஷம் பைப் ஃபிட்டராக இருந்தவர். எல்லோரும் அவரை அண்ணே என்றே கூப்பிடுகிறார்கள். பழைய பைப்பை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், நகத்தால் துருவைச் சுரண்டினார். “பைப்ப மட்டும் கொண்டாந்தா எப்படிங்க? வண்டிய கொண்டாங்க. எது மேல உரசுதுன்னு பாக்காம வளைக்க மாட்டேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே இவரிடம்தான் வேலை என்று முடிவு செய்தேன்.

எந்த உலோகம் என்பதில்தான் நிஜமான தேர்வு இருக்கிறது. ஏ.சி. மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் சுருளாகக் கிடக்கும், மலிவு, கையாலேயே வளையும். அதைத் தொடாதீர்கள். செம்பு அதிர அதிர இறுகிப்போய் ஒரு நாள் நுனியில் விண்டுவிடும். ஃப்ரிட்ஜ் பின்னால் அசையாமல் இருப்பதற்கும் காரின் அச்சுக்கு மேலே குலுங்குவதற்கும் நிறைய வித்தியாசம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அண்ணனே வேண்டாம் என்றார். துருப்பிடிக்காது என்று பெயரே தவிர, சாதாரண 304 வகையில் உப்பு ஊசி ஊசியாய்க் குழி போடும். போதாததற்கு நுனியை விரித்து ஃப்ளேர் அடிக்கும்போது வெடிக்கவும் கூடும்.

மிச்சம் இரண்டு. ஒன்று, தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய், ஸீம்லெஸ் என்பார்கள். பலத்துக்குக் குறைவே இல்லை, கட்டிங் ரிங் இதில் அழகாகக் கடிக்கும், சிப்காட்டில் உடனே கிடைக்கும். குறை ஒன்றுதான், திரும்பவும் துருப்பிடிக்கும். இரண்டாவது, செம்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கல் சேர்த்த குழாய். வோல்வோ 1976-இலிருந்து தன் பிரேக் பைப்புகளுக்கு இதைத்தான் போட்டது. உப்பு இதை ஒன்றும் செய்யாது, வளைக்கவும் இலகு, வெறும் செம்பு போல விண்டுவிடாது. சென்னையில் சொல்லி வாங்க வேண்டும், விலையும் கூட. குழாய்ச் சுவரின் தடிமன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் இது ஸ்டீலைவிட மென்மை.

எங்கள் வண்டியில் இப்போது உப்பு ஏறுவதில்லை. ஆனாலும் பழைய உப்பு தளத்தின் மடிப்புகளில் இன்னும் இருக்கும் என்று நினைத்தேன். அதனால் உப்பு இறங்கும் இடத்தில் உள்ள இரண்டு குட்டைப் பைப்புகளுக்குச் செம்பு-நிக்கல், முன்னாலிருந்து வரும் நீளப் பைப்புக்கு ஸ்டீல் என்று பிரித்துக்கொண்டேன். நீளப் பைப் ஒழுகவில்லைதான். ஆனால் அதே கிளிப்புகளில் அதே பொருக்கு. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே அதையும் மாற்றுவது புத்தி. இன்னும் ஆறு மாதத்தில் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற யாருக்குப் பொறுமை?

அண்ணன் வேலை செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தடித்த கட்டுக்கம்பியை எடுத்து, வண்டிக்கு அடியில் பழைய பைப் போன தடத்திலேயே வைத்து வளைத்து ஒரு மாதிரி செய்துகொண்டார். மேசையில் அந்த மாதிரியைக் கிடத்தி, பெண்டரில் பைப்பை வைத்து ஒவ்வொரு வளைவாகப் பிடித்தார். ஒரு வளைவு, மாதிரியோடு ஒப்பு. இன்னொரு வளைவு, மறுபடி ஒப்பு. நட்டை முதலில் பைப்புக்குள் கோத்துவிட்டுத்தான் நுனியை அடித்தார். “இத மறந்துட்டா மொத்தத்தையும் வெட்டணும்” என்றார். பழைய நுனி என்ன வடிவமோ அதே வடிவம், அதே மரை. கிட்டத்தட்டப் பொருந்துகிற நட்டை முறுக்கி ஏற்றினால் வால்வின் மரை போய்விடும், அப்புறம் வால்வே போச்சு. கட்டிங் ரிங் போட்ட முனையில், கையால் இறுக்கிய பிறகு ஸ்பானரில் ஒன்றரைச் சுற்று, அவ்வளவுதான். திரும்பக் கழற்றி, வளையம் பைப்பைச் சுற்றி ஒரே சீராகக் கடித்து, முன்னால் சின்ன வரப்பு எழும்பியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

கடைசியில் பைப்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்ப்ரசர் காற்று விட்டு, வெள்ளைத் துணியை மறுமுனையில் பிடித்தார். மூன்று தடவை துணியில் கறுப்பு வந்தது. நாலாவது தடவை வரவில்லை. துணி வெள்ளையாக வரும்வரை பைப்பை மாட்டாதீர்கள். உள்ளே போகும் ஒரு துகள் லெவல் வால்வைக் கீறினால் இத்தனையும் வீண்.

மூன்று பைப், நட்டு, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 6,800 ரூபாய் ஆனது, ஒன்றரை நாள் வேலை. ஹோஸைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆனால் பைப் தன் பழைய தடத்திலேயே, தன் பழைய கிளிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் ரப்பர் பட்டை வைத்து, மெழுகுக் கிரீஸ் தடவினோம். வருஷத்துக்கு ஒரு முறை கிளிப்பைத் திறந்து கழுவுவதாக இருக்கிறேன்.

கழற்றியே விடலாமா?

நிறையப் பேர் சொன்ன யோசனை இது. “நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு? சாதா ஸ்பிரிங், சாதா ஷாக் போட்டுட்டு நிம்மதியா இருங்க.” இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். உருண்டைகளில் நைட்ரஜன் போய், தூண்களும் ஒழுகி, வால்வும் செத்து, பம்பும் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதைவிட மாற்றிவிடுவதே மேல். உருண்டை போயிருந்தால் வண்டி உயரம் சரியாக இருக்கும், ஆனால் மாட்டு வண்டி போலக் குலுங்கும். அது பைப்போடு சம்பந்தமில்லாத கோளாறு, தனியாகச் சோதியுங்கள்.

ஆனால் கழற்றுவது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. இருக்கும் ஸ்பிரிங் எண்ணெயின் துணையை நம்பி வைத்த ஸ்பிரிங். தூணை எடுத்துவிட்டு அதையே வைத்தால் பாரம் ஏற்றியதும் பின்பக்கம் உட்காரும். கனமான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், மேல் மவுண்டில் வேலை, பம்பை எடுத்த இடத்தில் மூடித் தகடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எனக்குக் கிடைத்த விலை 38,000 ரூபாய். கனமான ஸ்பிரிங் போட்டால் ஆள் இல்லாமல் ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடும், ஆறு பேர் ஏறினால் திரும்பவும் அமுங்கும். இந்த வண்டியைச் செய்தவர்கள் அந்த இரண்டு தொல்லையும் வேண்டாமென்றுதானே இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு பைப் ஒழுகியதற்காக அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. உருண்டை, தூண், வால்வு மூன்றும் நன்றாக இருக்கும் வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம்.

எண்ணெய்

பைப் சரியாகி, எண்ணெய் தப்பாகப் போனால் எல்லாம் போச்சு. முதல் ஷெட்டில் டேங்க் மூடியைத் திறந்து பிரேக் ஆயிலை ஊற்றப் போனார்கள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிரேக் ஆயில் வேறு வகை ரசாயனம். இந்தச் சிஸ்டத்தின் ரப்பர் சீல்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். இதற்கு வேண்டியது மினரல் எண்ணெய் வகை. டப்பாவில் மெர்சிடிஸ் 343.0 ஒப்புதல் இருக்க வேண்டும். சித்ரோன்காரர்களுக்கு எல்.எச்.எம். என்ற பச்சை எண்ணெய். டேங்க் மூடியின் மேல் எந்த எண்ணெய் என்று பெயின்டால் தமிழில் எழுதி வையுங்கள். நாம் இல்லாத நேரத்தில் யாராவது திறந்தாலும் தெரியும். ஏர் எடுக்கத் தனி வித்தை வேண்டியதில்லை. பாரம் ஏற்றி இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, டேங்கில் நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை செய்தால் எங்கள் வண்டியில் போதுமானதாக இருந்தது.

மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனோம். வருஷா வருஷம் மாமா அங்கேதான் அரிசி வாங்குவார். இருபத்தைந்து கிலோ சிப்பம் ஆறு, பின்னால் அடுக்கினோம். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவிலிருந்து தரைக்கு டேப் பிடித்தேன், நன்றாகவே அமுங்கியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு நின்றோம். மாமா பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, கையில் டேப்பை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல, சத்தமே இல்லாமல், வண்டி எழுந்தது. வீட்டுக்கு வந்து, வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் எனக்கு முன்னால் மாமா எழுந்துபோய் அட்டையை எடுத்துவந்து காட்டினார். அதில் ஒன்றுமில்லை.